ஆயிரத்தில் ஒரு பங்கு

சுரபாயா
28 ஆகஸ்ட் 1995

மஸ் திர்தோ அவர்களுக்கு,

தலாக்குக்குப் பின் இத்தா காலத்தில் காத்திருக்கும் பெண் தன் கணவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எந்த மத்ரஸாவிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒன்பது வருடமாக வாயில் வந்த 'மஸ்' கையிலும் வருகிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

நீங்கள் ஆரு தீவுக்குப் போய்ச் சேர்ந்த செய்தியை உங்கள் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "போய்ச் சேந்துட்டானாம். உனக்கு ஒண்ணும் எழுதலியா?" என்று கேட்டார். எழுதவில்லை என்று தெரிந்துகொண்டே கேட்கும்போது அவர் முகத்தில் வரும் அந்தச் சிரிப்பு உங்களுக்குத் தெரியும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி என் அண்ணன் முன்னால் நீங்கள் சொன்னது ஒரே ஒரு தலாக். எனக்கு மூன்றாவது தீட்டு வருவதற்குள் 'உன்னைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்' என்று ஒரு வரி சொன்னால் போதும், நிக்காஹ் அப்படியே இருக்கும். எழுதி அனுப்பினாலும் செல்லுமாம், இமாமிடம் கேட்டுவிட்டேன். கருத்தரிக்க ஊசிகள் போட்ட பிறகு எனக்கு நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. ஒன்பது வருடமாக நாள் தள்ளிப்போனால் பிள்ளையோ என்று துள்ளியவள், இப்போது புருஷனுக்காக நாள் தள்ளட்டும் என்று கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் முதலாவதே வரவில்லை.

அந்த ஆய்வக நோட்டுப் புத்தகத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கக் கூடாது. ஸ்கூட்டர் காகிதம் தேடிய நீங்கள் அதைப் பிரித்திருக்கவும் கூடாது. பிரித்துப் படித்ததும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "நீ என்ன எழுதியிருக்கேன்னு உன் வாயால சொல்லு" என்றீர்கள். சொன்னேன். அதற்கு ஒரு வாரத்தில் தலாக், மறுநாள் கப்பல். அவ்வளவு அவசரமாக ஆண்கள் ஹஜ்ஜுக்குக்கூடப் போவதில்லை.

நான் செய்யும் சோதனை என்னவென்று நீங்கள் ஒருநாளும் பொறுமையாகக் கேட்டதில்லை, இப்போதாவது படியுங்கள். ஒரு கண்ணாடித் தகட்டில் இரண்டு சின்னக் குழிகள், நடுவே முடியளவு வழி. ஒரு குழியில் ஆணின் விந்து. மறு குழியில் பெண்ணின் கருமுட்டையைச் சுற்றியிருந்த நீர். முட்டை 'இங்கே இருக்கிறேன்' என்று சொல்லும் ஏதோ ஒரு ரசாயனம் அந்த நீரில் கலந்திருக்கிறது. விந்தணுக்கள் அதை உணர்ந்து அந்தப் பக்கம் திரும்புகின்றனவா, இல்லை சும்மா சுற்றுகின்றனவா என்று உருப்பெருக்கியில் பார்த்து எண்ணுவேன். பெயர் கிடையாது, எல்லோருக்கும் எண்தான். நம் மருத்துவமனையில் உங்கள் எண் பதினேழு.

விடுமுறை நாளில் யாருக்கும் தெரியாமல் போய், ஏப்ரலில் என்னிடமிருந்து எடுத்த நீரையும் உறையவைத்திருந்த பதினேழையும் சேர்த்துப் பார்த்தேன். மற்றப் பெண்களின் நீருக்குத் திரும்பிய பதினேழு, என்னுடையதற்குத் திரும்பவில்லை. மூன்று தடவை பார்த்தேன். அதனால்தான் 'பதினேழு – நான் – வரவில்லை' என்று எழுதினேன். அது ஒரு சோதனையின் முடிவு. உங்களைப் போ என்று நான் எழுதவில்லை.

ஒரு வரி எழுதுங்கள்.

பலுபி


ஆரு, முத்துப் பண்ணை
19 செப்டம்பர் 1995

பலுபிக்கு,

உன் கடிதம் பதினாறு நாள் பயணம் செய்து, சாகோ மாவு மூட்டைகளோடு வந்து சேர்ந்தது. உறையெல்லாம் வெள்ளை. இங்கே எல்லாமே சாகோதான். பசை மாதிரி கிண்டி மீன் குழம்பில் முக்கி விழுங்குகிறார்கள். மென்றால் சிரிக்கிறார்கள். என்னோடு தங்கியிருக்கும் யோசியாஸ் என்ற முக்குளிப்பவன், "ஜாவாக்காரனுக்குப் பல்லு எதுக்குன்னே தெரியல, எதக் குடுத்தாலும் மெல்லுறான்" என்கிறான்.

எனக்குச் சிப்பித் தொட்டி வேலை. நீ இதைப் பார்க்க வேண்டும், உன் கண்ணாடித் தகடெல்லாம் தோற்றுப்போகும். ஆண் சிப்பி ஒன்று விந்தை விட்டால் தண்ணீர் பால் மாதிரி ஆகிறது. அது பட்டதும் மற்றச் சிப்பிகளும் விட ஆரம்பிக்கின்றன. பெண் சிப்பிகள் புகை மாதிரி முட்டைகளை ஊதுகின்றன. தொட்டி முழுவதும் கல்யாண வீடு. கட்டிலும் இல்லை, மாமியாரும் இல்லை, டாக்டரும் இல்லை. நம் இருவரையும் யாராவது ஒரு தொட்டியில் போட்டிருக்கலாம்.

கோபித்துக்கொள்ளாதே. நீ கேட்டதற்கு வருகிறேன்.

நான் கோபத்தில் போகவில்லை. உனக்கு முப்பத்து நான்கு வயதுதான் ஆகிறது. என் அம்மா உன்னைக் குற்றம் சொன்னார், உன் அண்ணன் மனசுக்குள் என்னைக் குற்றம் சொன்னார். உன் நோட்டுப் புத்தகம்தான் முதன்முதலாக, யார் மேலும் தப்பில்லை, இந்த இரண்டும் ஒன்றையொன்று தேடவில்லை, அவ்வளவுதான் என்று சொன்னது. உன்னைத் தேடி வருகிற ஒன்று வேறு எங்காவது இருக்கும். அதற்கு நான் குறுக்கே நிற்கக் கூடாது என்று நினைத்தேன். நினைத்ததைச் செய்தேன்.

இங்கே நன்றாக இருக்கிறேன். முதுகில் வெயிலில் தோல் உரிகிறது. நீ தைலம் வாங்கி அனுப்பாதே.

திர்தோ


சுரபாயா
9 அக்டோபர் 1995

மஸ்,

தைலம் அனுப்பவில்லை. உரியட்டும்.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். சிப்பிக்குக் கல்யாணம் நடக்கிறது, யோசியாஸ் ஜோக் அடிக்கிறான், சாகோவை எப்படி விழுங்குவது என்றுகூட இருக்கிறது. நான் கேட்ட வரி மட்டும் இல்லை. 'உன்னைத் தேடி வருகிற ஒன்று வேறு எங்காவது இருக்கும்' என்று எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது? நான் என்ன உங்கள் தொட்டியில் கிடக்கும் சிப்பியா, எவன் விட்டாலும் ஊதுவதற்கு?

முதலாவது செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மா வந்து உங்கள் பாத்திக் சட்டைகளை எடுத்துப்போனார். மடித்துக்கொண்டே, "வெறும் வயித்தோட இருக்குறவளுக்கு ஆம்பள சட்டை எதுக்கும்மா" என்றார். அவருக்குத் திருப்பிப் பதில் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. அவர் கூட்டிவந்த மருத்துவச்சி, கருப்பை இறங்கியிருக்கிறது என்று என் அடிவயிற்றை முழங்கையால் அழுத்தித் தூக்கியபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அவர் கொண்டுவந்த ஜாமு மருந்தை இரண்டு வருடம் குடித்தேன், நாக்கு கறுத்துப்போகும் கசப்பு. மருத்துவமனையில் குழாய் விட்டுச் சாயம் ஏற்றினார்கள். அப்புறம் தொடையில் ஊசி, தினம் ஒன்று. உங்கள் எண்ணிக்கை சரி, உங்கள் ஓட்டம் சரி, ஆகையால் எல்லாவற்றையும் என்னிடம்தானே தேட வேண்டும்! தேடினார்கள்.

கடைசியாக ஏப்ரல். மூன்று முட்டை எடுத்து, உங்களுடையதோடு சேர்த்து, இரண்டு கரு உண்டாகி உள்ளே வைத்தார்கள். பதினோரு நாள் நான் அசையாமல் படுத்திருந்தேன். தும்மல் வந்தால்கூட அடக்கினேன். பன்னிரண்டாம் நாள் இரத்தம் பார்த்தபோது உங்கள் மடியில் விழுந்து அழுதேன். என் தலையில் இருந்த உங்கள் கை நடுங்கியது. "போகட்டும் பலுபி, நாம ரெண்டு பேர் போதும்" என்றீர்கள். ஒன்பது வருடத்தில் நான் கேட்ட நல்ல வார்த்தை அதுதான். ஏப்ரலில் போதுமாக இருந்தது ஆகஸ்டில் எப்படிப் போதாமல் போனது? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

மருத்துவமனைப் பார்க்கிங்கில் காவல் நிற்கும் முக்ரி தினமும் என் ஸ்கூட்டரை வாங்கி நிறுத்திக்கொண்டே கேட்கிறார், "ஐயா எப்பம்மா வர்றாரு? அவரு இல்லாம சிகரெட்டுக்குக்கூட கம்பெனி இல்ல" என்று. அவருக்கு என்ன சொல்ல?

பலுபி


ஆரு
26 அக்டோபர் 1995

பலுபி,

இந்தக் கடிதத்தை நான்காவது தாளில் எழுதுகிறேன். முதல் மூன்றையும் கிழித்துக் கடலில் போட்டேன். யோசியாஸ் பார்த்துவிட்டு, "மீனுக்கு லெட்டர் போடுறியா? அதுங்க பதில் போடாதுப்பா" என்றான்.

ஏப்ரலில் நான் சொன்னது பொய் இல்லை. அதை மட்டும் நம்பு. மற்றதற்கு இப்போது பதில் எழுத முடியவில்லை.

அம்மா பேசியதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். நீ வாயைத் திறந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். இல்லை, நான் சொல்லியிருக்க வேண்டும்.

இனிமேல் முக்ரியிடம் ஸ்கூட்டரை விடாதே. பின்வாசல் பக்கம் மருந்துக்கடை எதிரில் இடம் இருக்கிறது, அங்கே விடு. ஏன் என்று கேட்காதே.

உனக்கு எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. படகு கிளம்புகிறது, ஊதுகிறார்கள். அடுத்த முறை.

திர்தோ


சுரபாயா
11 நவம்பர் 1995
விரைவுத் தபால்

மஸ், மஸ், மஸ்,

நீங்கள் எதையும் எழுத வேண்டாம். கிளம்பி வாருங்கள். வந்து திட்டுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன். தப்பு என்னுடையது, முழுக்க முழுக்க என்னுடையது!

வரிசையாகச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை புதிதாக வந்த பெண் ஒருத்தி சோதனை செய்தாள். எந்தப் பெண்ணின் நீருக்கும் எந்த விந்தணுவும் திரும்பவில்லை. மிரண்டுபோனாள். டாக்டர் பர்லினா வந்து பார்த்தார், நுனி மூக்கில் கண்ணாடியோடு. "தண்ணி கலக்காம அப்படியே ஊத்தினியா? எத்தன தடவ சொல்றது? ஆயிரத்துல ஒரு பங்கு! துரியான் பழத்த வெட்டி இந்த ரூம்ல வச்சா எந்த மூலையில இருக்குன்னு மோந்து சொல்வியா நீ? ரூம் பூரா அதே வாசன, எந்தப் பக்கம் போவ? அதுக்கும் அப்படித்தான்" என்று கத்தினார்.

நான் கையில் இருந்த சோதனைக்குழாயைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

மஸ், ஆய்வகத்தில் நீரை ஆயிரத்தில் ஒரு பங்காகக் கரைப்பது எர்னாவின் வேலை. எங்கள் கைக்கு வரும்போதே கரைத்துத்தான் வரும், அதனால் நாங்கள் யாரும் அதை நினைப்பதே இல்லை. என்னுடையதை மட்டும் நான் எர்னாவிடம் கொடுக்கவில்லை. ஏப்ரலில் எனக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதில் இன்னொருத்தி கை வைப்பதா, அதில் உப்புத்தண்ணீர் ஊற்றிப் பெருக்குவதா என்று இருந்தது. விடுமுறை நாளில் நானே எடுத்து, ஒரு சொட்டு தண்ணீர்கூடச் சேர்க்காமல், அப்படியே ஊற்றினேன். நிறைய இருந்தால் நிச்சயம் வருவார் என்று நினைத்தேன். எத்தனை வருட வேலை, எவ்வளவு படிப்பு! நேற்று வந்த பெண் செய்கிற தப்பைச் செய்தேன்.

மீதி ஒரு சொட்டு இருந்தது. இன்று காலை எர்னாவையே பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆயிரத்தில் ஒன்றாகக் கரைத்தேன். பதினேழின் கடைசிக் குழலை உருக்கினேன்.

வந்தன, மஸ். திரும்பி வந்தன. முதலில் சுற்றிக்கொண்டிருந்தவை வளைந்து, தலையைத் திருப்பி, அந்த முடியளவு வழிக்குள் ஒவ்வொன்றாக நுழைந்தன. எண்ண முடியாமல் கண் மறைத்தது, எர்னாதான் எண்ணினாள். நூற்றுக்குப் பன்னிரண்டு. குறைவென்று நினைக்காதீர்கள், ஒரு நேரத்தில் அவ்வளவுதான் பக்குவமாக இருக்கும், அவைதான் முட்டையைத் தேடிப் போகும். இது நல்ல எண்ணிக்கை, மிக நல்ல எண்ணிக்கை. நான் உருப்பெருக்கியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதேன். "அக்கா, லென்ஸ் நனையுது" என்று எர்னா என்னைப் பிடித்து இழுத்தாள். எல்லோருக்கும் வாழைப்பழ பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் வரப்போகிறார் என்றேன்.

இரண்டாவது அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி வந்துவிட்டது. டிசம்பர் நடுவில் மூன்றாவது வரும். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, ஒரு வரிக்கு ஒரு மாதம் தாராளம்.

முக்ரி மேல் அப்படி என்ன கோபம் உங்களுக்கு? அவருக்கும் இரண்டு பஜ்ஜி கொடுத்தேன். "ஐயா வர்றாரா? அப்ப ஒரு பாக்கெட் கிரெட்டெக் சிகரெட் வாங்கி வைக்கணும்" என்று சிரித்தார்.

உங்களுடையது என்னைத் தேடி வந்தது, மஸ். அதை என் கண்ணால் பார்த்தேன். பிள்ளை பிறக்காவிட்டாலும் பரவாயில்லை, இது போதும் எனக்கு.

உங்கள் பலுபி


ஆரு
21 நவம்பர் 1995

பலுபி,

உட்கார்ந்துகொண்டு படி. வீட்டில் வைத்துப் படி, ஆய்வகத்தில் வேண்டாம்.

பதினேழு நான் இல்லை.

பதினைந்து வயதில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னத்தில் வந்தது கீழேயும் இறங்கியது. இரண்டு வாரம் நடக்க முடியாமல் கிடந்தேன். நமக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருடம் மலாங்கில் ஒரு டாக்டரிடம் வேறு பெயர் சொல்லிப் பரிசோதித்துக்கொண்டேன். அவர் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். எண்ணிக்கை என்ற இடத்தில் ஒரு பூஜ்யம். குறைவு என்றுகூட இல்லை. "ஒண்ணுகூட இல்ல தம்பி, வீட்ல சொல்லிடுங்க" என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வாசலில் நீ நின்றுகொண்டிருந்தாய், அம்மா உள்ளே இருந்தார். சொல்லவில்லை. அன்று சொல்லாதது மறுநாள் இரண்டு மடங்கு கனமாகிவிட்டது.

பிறகு மருத்துவமனையில் கோப்பையைக் கையில் கொடுத்து கழிவறைக்கு அனுப்பினார்கள். நான் பின்கதவு வழியாக வெளியே வந்துவிட்டேன். முக்ரி விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றான், ஆறு பிள்ளைக்குத் தகப்பன். ஆராய்ச்சிக்கு வேண்டும், யாருடையது என்றாலும் சரி என்று சொன்னேன். ஒரு பாக்கெட் கிரெட்டெக் கொடுத்தேன். "இதுக்கெல்லாமா பாக்கெட் குடுப்பாங்க!" என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போனான். சட்டைப் பைக்குள் அந்தக் கோப்பை சூடாக இருந்தது. அதைக் கொண்டுபோய் உன்னோடு வேலை செய்கிறவர்களிடம் என் பெயர் சொல்லிக் கொடுத்தேன். அவனுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. அவன் மேல் தப்பில்லை.

இப்போது ஏப்ரலைச் சொல்ல வேண்டும். அன்றைக்கும் அவனுடையதுதான். நிறுத்துகிறேன், நிறுத்துகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அவர்கள் உனக்குள் அந்த இரண்டையும் வைக்கும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பதினோரு நாள் நீ தும்மலை அடக்கிக்கொண்டு படுத்திருந்தாய். பக்கத்து அறையில் நான் தொழுதேன், கரு நிற்கக் கூடாது, நிற்கக் கூடாது என்று. பன்னிரண்டாம் நாள் நீ என் மடியில் விழுந்து அழுதபோது என் கை நடுங்கியது என்று எழுதியிருந்தாய். அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன், பலுபி. உன் தலையில் கை வைத்துக்கொண்டு நன்றி சொன்னேன். நாம் இருவர் போதும் என்று நான் சொன்னது மட்டும் உண்மை. அது என்றைக்கும் உண்மை.

உன் நோட்டுப் புத்தகத்தைப் படித்ததும் எனக்கு மூச்சு வந்தது. ஏழு வருடமாக நான் தேடிய கதவு அதில் இருந்தது. ஆண் மலடு இல்லை, பெண் மலடு இல்லை, ஒன்று மற்றதைத் தேடவில்லை. அதைச் சொல்லிக்கொண்டு யாருக்கும் தலைகுனியாமல் வெளியே போய்விடலாம். நீயும் வேறு ஒருவனிடம் பெற்றுக்கொள்வாய். கோழைக்கு இதைவிட நல்ல கதவு கிடைக்காது. போய்விட்டேன்.

இந்த மாதம் உன் கடிதம் வந்தது. முக்ரியினுடையது உன்னைத் தேடி வந்ததைப் பார்த்து நீ அழுததைப் படித்தேன். கோபப்பட எனக்கு வாய் இல்லை. தொட்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். யோசியாஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான், அன்று ஜோக் எதுவும் சொல்லவில்லை.

அந்த ஒரு வரியை எழுதப் பேனாவை எடுத்தேன். எழுத எனக்குத் தகுதி இல்லை. நீ முடிவு செய். நீ என்ன சொன்னாலும் சரி.

திர்தோ


சுரபாயா
15 டிசம்பர் 1995

மஸ் திர்தோ அவர்களுக்கு,

உங்கள் கடிதம் டிசம்பர் முதல் தேதி கிடைத்தது. நீங்கள் சொன்னபடி வீட்டில் உட்கார்ந்துதான் படித்தேன்.

நான்கு நாள் நான் மனுஷியாக இல்லை. உங்கள் தலையணையை உறையோடு வெளியே எறிந்தேன், மறுபடி எடுத்துவந்தேன். உங்கள் அம்மா வீட்டு வாசல் வரை போனேன், பூஜ்யத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று. அவர் உங்கள் சட்டையை வெயிலில் காயப்போட்டு, தட்டி, சுருக்கம் எடுத்துக்கொண்டிருந்தார். திரும்பிவிட்டேன். அவருக்கு நான் சொல்ல மாட்டேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முக்ரியிடம் இப்போதும் ஸ்கூட்டரை விடுகிறேன். அவர் முகத்தைப் பார்க்க முதல் நாள் முடியவில்லை. இரண்டாம் நாள் அவருடைய ஐந்தாவது பெண்ணுக்குக் காய்ச்சல் என்றார், மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். ஏப்ரலில் எனக்குள் இருந்த இரண்டும் அந்தப் பெண்ணுக்குத் தங்கையோ தம்பியோ ஆகியிருக்கும். அவர் நின்றுகொண்டு நன்றி சொன்னார். நான் ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

நீங்கள் நன்றி சொன்னதை நான் மன்னிக்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ளுங்கள். அவை யாருடையதாக இருந்தாலும் என்னுடையதும்தானே? நான் உங்கள் மடியில் கிடந்து அழுதது அவற்றுக்காக, நீங்கள் என் தலைக்கு மேல் கடவுளோடு வேறு கணக்குப் பேசிக்கொண்டிருந்தீர்கள். ஊசிகள், சாயம், அந்த மருத்துவச்சியின் முழங்கை, ஏழு வருடம் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள். இதை எந்த ஊர் மன்னிக்கும்?

ஐந்தாம் நாள் காலையில் தேநீர் போட்டேன். பழக்கத்தில் இரண்டு கோப்பை எடுத்துவிட்டேன். அப்போதுதான் தெரிந்தது, எனக்குக் கோபத்துக்கு அடியில் வேறு ஒன்று இருக்கிறது என்று. நிம்மதி, மஸ். இனித் தேட ஒன்றும் இல்லை. ஊசி இல்லை, நாள் எண்ண வேண்டாம், நாம் இருவர்தான், முடிந்தது. ஏப்ரலில் நீங்கள் சொன்ன அந்த வார்த்தை மட்டும் உண்மை என்றால் அதை வைத்துக்கொண்டு வாழலாம் என்று தோன்றியது. உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் சண்டை போட்டிருப்பேன். தட்டை உடைத்திருப்பேன், பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் வீட்டுக்குள் வைத்து.

நீ முடிவு செய் என்று எழுதியிருக்கிறீர்கள். பெருந்தன்மை என்று நினைத்து எழுதினீர்களா? அந்த வரி என்னிடம் இல்லை. நான் நூறு தடவை சொன்னாலும் செல்லாது. அது உங்கள் வாய்க்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. தகுதியைப் பற்றி நான் கேட்டேனா? ஒரு வரி கேட்டேன்.

தந்தி அடிக்கத் தபால் அலுவலகத்துக்குப் போனேன். படிவத்தை வாங்கிக்கொண்டு நின்றேன். "என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதி, அதைக் கவுன்ட்டரில் இருக்கும் பையன் சத்தமாக வாசித்து வார்த்தைகளை எண்ண வேண்டும். நான்கு மாதமாகக் கேட்டுவிட்டேன், கடிதத்துக்குக் கடிதம் கேட்டுவிட்டேன். இந்த ஒரு தடவையாவது நீங்களாக வர வேண்டும் என்று இருந்தது. படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். நீங்களே தந்தி அடிப்பீர்கள், உங்களுக்குத் தோன்றும் என்று நினைத்தேன். ஒன்பது நாள் மிச்சம் இருந்தது.

அண்ணன் சொல்கிறார், புதிதாக நிக்காஹ் செய்துகொள்ளலாமாம், புது மஹர், புது சாட்சி. அதற்கு நீங்கள் வந்து என்னைக் கேட்க வேண்டும். கேட்கிறவர் என்றால் இந்த ஒன்பது நாளில் கேட்டிருப்பீர்கள். வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். கோர்ட்டுக் காகிதம் வரும், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

திங்கட்கிழமை தபால்காரர் வந்தார், மின்சார பில். செவ்வாயும் புதனும் வரவில்லை. நேற்று வியாழக்கிழமை, விடிந்ததிலிருந்து இடுப்பு வலித்தது. விடுப்புச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். புரளவில்லை, குளிக்கவில்லை, காலைக்கூட மடக்கவில்லை. அசைந்தால் மூன்றாவது வந்துவிடும் என்று பயம். இன்றைக்கு வேண்டாம், இன்னும் ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்று கேட்டுக்கொண்டே கிடந்தேன்.

பதினோரு மணிக்குத் தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் நம் வாசலில் நின்றது. எழுந்து ஓடினேன். அவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி உள்ளே வருவதற்குள் தெரிந்துவிட்டது.

பலுபி